சனி, ஞாயிறில் ரேடியோவுக்குள் ஆள் இருக்கிறார்களா?

நொய்யல்கரை (திருப்பூர்), ஞாயிறு காலை 11.20

எல்லோருக்கும் வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான். வாரத்தில் ஆறு நாளும் கம்பெனியில் ரேடியோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு நடுவே பாட்டின் தாளம் மட்டும் வந்து சேரும், பேச்சு ஒன்றும் பிடிபடாது. உட்கார்ந்து கேட்கக் கிடைப்பது ஞாயிறு ஒரு நாள்தான். சனிக்கிழமை சம்பளம், அன்றைக்கு ராத்திரி கடைவீதி, விடிந்தால் கறிக்கடை வரிசை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு ரேடியோவைத் திருப்புவேன். எங்கள் அப்பாருக்கும் இதே பழக்கம்.

இன்றைக்கு ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை ஒவ்வொரு நிலையமாகத் திருப்பிக் கேட்டேன். பாட்டை விட்டுவிடுங்கள், பேச்சை மட்டும் சொல்கிறேன். ஒரு தனியார் பண்பலையில் ஒரு பெண் "கொளுத்துற வெயிலுக்கு ஜில்லுனு ஒரு மோர் குடிச்சுட்டுக் கேளுங்க" என்றார். இங்கே காலையிலிருந்து வானம் மூடிக் கிடக்கிறது. ஆனிக் காற்றில் எங்கள் கொடித்துணி பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. அந்தப் பெண் வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்து, என்றைக்கோ பேசி வைத்திருக்கிறார். அடுத்த நிலையத்தில் இரண்டு பேர் மாறி மாறிச் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கடைசி வரை சொல்லவில்லை.

பத்து மணிக்கு மேல் ஒரு நிலையத்தில் மூட்டு வலி பற்றி டாக்டர் பேட்டி. உண்மையிலேயே நல்ல பேட்டி. நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு முழங்கால் ஏன் தேய்கிறது என்று பொறுமையாக விளக்கினார். நானும் பதினெட்டு வருடமாக நின்றே துணி வெட்டுகிறவன். நடுவில் "நேயர்கள் அழைக்கலாம்" என்று எண் சொன்னார்கள். நான்கு தடவை போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் "இது மறு ஒலிபரப்பு" என்றார்கள்.

கேட்க ஆளுக்கு நேரம் இருக்கிற ஒரே நாளில் பேச ஆள் இல்லாமல் போவது எப்படி? வாரக் கடைசியில் நம் பக்கம் நல்ல பேச்சு நிகழ்ச்சி எதையாவது யாராவது கேட்கிறீர்களா? இருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாரம் திருப்புகிறேன்.

சிவகிரி மருமகள், ஞாயிறு பகல் 11.52

மாஸ்டர் அண்ணா, எங்கள் வீட்டில் ரேடியோ அத்தைக்குத்தான். வயது 78. கண்ணில் புரை எடுத்தும் பார்வை சரியாக வரவில்லை. அவருக்குப் பேப்பர், டிவி எல்லாம் அந்தப் பெட்டிதான். அறிவிப்பாளர் வணக்கம் சொன்னால் இவரும் "வணக்கங் கண்ணு" என்று பதில் சொல்வார். நேரம் சொன்னால் "ஆமா, வெயில் திண்ணைக்கு வந்துருச்சு" என்பார்.

போன வாரம் ஒரு ஆலோசனை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. "இது போன மாசமே போட்டதாச்சே" என்றார். "எப்படி அத்தை சொல்றீங்க?" என்றேன். "இப்ப பாரு, சர்க்கரைன்னு சொல்லீட்டு அந்த டாக்டர் ரெண்டு தாட்டி இருமுவாரு" என்றார். அதேபோல் இருமினார். அன்றைக்கு முழுக்க அவர் முகம் சரியில்லை. பதில் சொல்லிக்கொண்டிருந்தது யாருமில்லாத வீட்டுக்கு என்று தெரிந்தால் யாருக்கும் அப்படித்தானே இருக்கும்.

ஆர்.எஸ்.புரம் வாசி (கோவை), ஞாயிறு மதியம் 12.30

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பேச்சு வேண்டுமென்றால் இப்போது எத்தனையோ பாட்காஸ்ட் தமிழிலேயே வருகிறது. பொருளாதாரம், கிரிக்கெட், வரலாறு, எது வேண்டுமோ அது. இரண்டு மணி நேரம் ஒரே விஷயத்தைத் தோண்டுகிறார்கள். எனக்கு வேண்டிய நேரத்தில் கேட்கலாம், நிறுத்தலாம். ரேடியோவில் பத்து நிமிடப் பேச்சுக்காக மூன்று விளம்பரம் கேட்க வேண்டும். நல்ல பேச்சு இடம் மாறிவிட்டது, நாமும் அங்கே போக வேண்டியதுதான் என்று நினைக்கிறேன்.

தறிக்குடோன் (சோமனூர்), ஞாயிறு மதியம் 1.05

தம்பி, பாட்காஸ்ட் நானும் கேட்கிறேன். அதில் சோமனூரில் நாளைக்குக் கரண்ட் இருக்குமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது.

தென்னந்தோப்பு (ஆனைமலை), ஞாயிறு மாலை 4.10

மறு ஒலிபரப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

2016-ல் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ இறங்கியது எல்லோருக்கும் தெரியும். ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுருள், மேலே கரிப்பூசணம் படிந்து தோப்பே கறுத்து நின்றது. அதற்கு மருந்தடித்தால் அந்த ஈயைத் தின்கிற ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும், ஈ இன்னும் பெருகும். மஞ்சள் நிற ஒட்டும் பொறி கட்ட வேண்டும், அடி ஓலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும், குளவி இருக்கிற ஓலைத்துண்டைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். இதையெல்லாம் எங்கள் அப்பா கற்றுக்கொண்டது ரேடியோவில்தான். அவர் எழுதி வைத்த நோட்டு இன்னும் இருக்கிறது. அதனால் ரேடியோ சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

இரண்டு வருடம் முன்னால் ஒரு ஞாயிறு காலை, ஒரு வானொலியில் வேர் வாடல் நோய் பற்றிப் பேச்சு. "வருகிற வெள்ளிக்கிழமை இலவச ஆலோசனை முகாம், நோய் தாக்கிய மட்டையின் ஓலையோடு வாருங்கள்" என்றார்கள். அப்பா நான்கு மரத்து ஓலையை வெட்டி, எந்த மரம் எது என்று நூல் கட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பஸ் மாற வேண்டும். போய்ச் சேர்ந்தால் கேட் பூட்டியிருந்தது. காவல்காரர் "அந்த முகாம் முடிஞ்சு வருஷமாச்சுங்களே" என்றிருக்கிறார். பழைய ஒலிப்பதிவை அப்படியே எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை வெட்ட வேண்டும் என்று கூட யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அப்பா யாரையும் திட்டவில்லை. ஓலையைத் திருப்பி எடுத்து வந்து தோப்பு மூலையில் போட்டு எரித்தார். அதற்குப் பிறகு வேளாண் நிகழ்ச்சி நேரத்தில் ரேடியோவை அவர் தொடுவதில்லை.

ஒரு பாட்டை நூறு தடவை போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பேச்சில் தேதி இருக்கிறது, விலை இருக்கிறது, மருந்தின் அளவு இருக்கிறது. ஆள் வைத்துக் கேட்டுப் பார்த்துப் போட வேண்டிய சரக்கு அது.

நொய்யல்கரை, ஞாயிறு மாலை 4.32

படித்துவிட்டு மனசு கனத்துப் போச்சுங்க. நூல் கட்டிக் கொண்டுபோனாரே.

பழைய மைக், ஞாயிறு இரவு 8.45

இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. ஒரு வானொலி நிலையத்தில் சில வருடம் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தேன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். சனி, ஞாயிறு டியூட்டி எனக்குத்தான் விழும், நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு அன்று விடுமுறை.

மாஸ்டர் தம்பி, நீங்கள் நான்கு தடவை போன் போட்டேன் என்றீர்களே. ஸ்டூடியோவுக்குள் போன் மணி அடிக்காது, அடித்தால் மைக்கில் ஏறிவிடும். ஒரு சின்னச் சிவப்பு விளக்குதான் மின்னும். பழைய நிகழ்ச்சியில் எண் சொல்லும் இடம் வந்ததும் அந்த விளக்கு மின்ன ஆரம்பிக்கும். நின்று, மறுபடி மின்னும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். எடுத்து என்ன சொல்வது? டாக்டர் இல்லை. "இது பழைய பதிவு" என்று நடுவில் சொல்லவும் எனக்கு அனுமதி கிடையாது. அரை மணி நேரம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உங்களை மாதிரி யாரோ ஒருவர் முழங்கால் வலியோடு எதிர்ப்பக்கம் இருக்கிறார் என்று தெரியும்.

சனி, ஞாயிறு இப்படி ஆனதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. தனியார் பண்பலையை எடுத்துக்கொண்டால், 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கையில் ஒரே நிறுவனம் தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சியைச் சேர்த்து ஒலிபரப்பலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அதற்கு முன் சின்ன ஊர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. சனி, ஞாயிறில் விளம்பரமும் குறைவு, ஆளுக்கும் லீவு தர வேண்டும் என்றால் எந்த மேனேஜரும் ஓர் ஊரில் செய்த நிகழ்ச்சியைப் பத்து ஊருக்கும் ஓட்டத்தான் பார்ப்பார். மோர் குடிக்கச் சொன்ன பெண் வந்த வழி அதுதான்.

பாட்டு மலிவாகவும் ஆனது. 2010-ல் பதிப்புரிமை வாரியம், நிலையத்தின் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதத்தைப் பாட்டின் உரிமைக்காரர்களுக்கு ராயல்டியாகக் கொடுத்தால் போதும் என்று தீர்மானித்தது. பிறகு அந்தக் கணக்கு மாறியது, ஆனால் பழக்கம் விழுந்துவிட்டது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆள் பிடிக்க வேண்டும், விஷயம் தேட வேண்டும், போன் எடுக்க ஒருவர் வேண்டும். ஒரு மணி நேரப் பாட்டுக்குக் கம்ப்யூட்டர் போதும்.

மூன்றாவது, செய்தி. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது, ஆகாசவாணி செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் செய்தியும் நடப்பு விவகாரமும் அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்தது. பரிந்துரை வேறு, உத்தரவு வேறு.

தறிக்குடோன், ஞாயிறு இரவு 9.20

அக்கா, மூன்றாவது காரணத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே கொள்கையில் எதெல்லாம் செய்தி இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். வானிலை, போக்குவரத்து, விளையாட்டு, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, கரண்ட், குடிதண்ணீர், வெள்ளம், உடல்நல எச்சரிக்கை எல்லாம் தாராளமாகப் பேசலாம். நம் ஊரில் ஒரு குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வேறென்ன பேச்சு இருக்கிறது? இதை வைத்தே வருடம் முழுக்க ஓட்டலாம். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எத்தனை வீட்டில் எந்தக் காலேஜ், எந்தக் கோர்ஸ் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அந்த ஞாயிறு ஒரு மணி நேரம் ஒருவரை உட்கார வைத்துப் பதில் சொல்ல வைத்தால் எவ்வளவு பேர் கேட்பார்கள். மனசு இல்லை என்பதே என் கணக்கு.

பழைய மைக், ஞாயிறு இரவு 9.41

சரிதான் தம்பி. அந்தப் பட்டியலைப் பாதிகூட யாரும் பயன்படுத்துவதில்லை என்பது உண்மை. ஆனால் எல்லை எங்கே என்று தெரியாமல் பயப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடினபோது ஊரே அதைப் பற்றித்தானே பேசியது. அப்போது ஒரு பண்பலையில் இருந்த என் தோழி, அழைக்கிறவர் சாயம் என்று ஆரம்பித்தாலே பாட்டைப் போட்டுவிடச் சொல்லியிருந்தார்கள் என்றாள். வேலை போனவர் வேலை போச்சு என்று சொல்வது செய்தியா, அவர் கதையா? அதைத் தீர்மானிக்கிற ஆள் சனி, ஞாயிறில் அலுவலகத்தில் இருக்க மாட்டார்.

நொய்யல்கரை, ஞாயிறு இரவு 10.02

அந்த மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. வீட்டில் சும்மா கிடந்தபோது ரேடியோதான் துணை. காலையிலிருந்து ராத்திரி வரை காதல் பாட்டு. நம் ஊரில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

மீடியம்வேவ் 999 (கோபி), திங்கள் காலை 6.15

காலை வணக்கம். வானொலி கேட்பது எனக்கு ஐம்பது வருடப் பழக்கம். தபால் ஆபீஸில் பணம் கட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கிய காலத்தில் ஆரம்பித்தது. கோவை வானொலி 1966-ல் வந்தது. மத்திய அலை 999-ல் எங்கள் தோட்டத்துச் சாளையில் பகலில்கூடத் தெளிவாகக் கேட்கும். கிணற்று மோட்டாரைப் போட்டால் மட்டும் கரகரவென்று இரைச்சல். அதனால் ஞாயிறு நாடகம் முடிகிற வரை எங்கள் அப்பா மோட்டார் போட மாட்டார். பாத்தி காய்ந்தாலும் சரி.

பேச்சு தரமாக இருந்தால் ஜனம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை. அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 என்ற புது நெல் ரகம் வந்தது. வானொலியில் அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லி, விவசாயிகளைப் பேச வைத்து, அது பரவியது. ஜனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தென்கச்சி கோ. சுவாமிநாதன் தினமும் காலையில் சில நிமிடம்தான் பேசினார். அதற்காக வீட்டில் எல்லோரும் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வந்து நின்றிருக்கிறோம். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலிருக்கும். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால் ஒரு எழுத்து நழுவாது. பிபிசி தமிழோசை 1941-ல் தொடங்கி 2017 ஏப்ரல் வரை வானொலியில் வந்தது. அது நின்ற அன்றைக்கு ராத்திரி, வழக்கமான நேரத்துக்குச் சிற்றலையைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதெல்லாம் சனி, ஞாயிறு என்றால் மற்ற நாளைவிட அதிகம் உழைத்தார்கள். நாடகம், சிறுவர் நிகழ்ச்சி, நேயர் கடிதம் என்று நல்ல சரக்கை வாரக் கடைசிக்கு எடுத்து வைப்பார்கள். இப்போது தலைகீழ்.

ஆர்.எஸ்.புரம் வாசி, திங்கள் காலை 9.30

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பழைய பேச்சு எல்லாமே நன்றாக இருந்ததா? எங்கள் தாத்தா வைத்துக் கேட்ட உரைகள் நினைவிருக்கின்றன. யாரோ ஒரு பேராசிரியர் கட்டுரையை ஒரே சுருதியில் படித்துக்கொண்டே போவார். காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்கும். எனக்குத் தூக்கம் வரும்.

மீடியம்வேவ் 999, திங்கள் காலை 10.05

உண்மை தம்பி. அதை நான் மறுக்கவில்லை.

பழைய மைக், திங்கள் மதியம் 1.30

அந்தக் காகிதச் சத்தத்துக்குக் காரணம் உண்டு. பேச வருபவர் முன்கூட்டியே முழுவதும் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் ஒலிப்பதிவு. தவறு வராது. உயிரும் குறையும். இப்போது தனியாரில் நடப்பது நேர் எதிர். கையில் ஒரு குறிப்புகூட இல்லாமல் வந்து உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே கேட்கிறவரை மறந்த பேச்சுதான். தென்கச்சியார் வேளாண்மை படித்துவிட்டு வந்தவர். விவசாயிக்குச் சொல்லிப் பழகிய வாய், அதனால்தான் எழுதி வைத்துப் படித்தாலும் எதிரில் ஒரு ஆளைப் பார்த்துச் சொல்வது போல இருந்தது.

நாமக்கல் ஸ்டியரிங், செவ்வாய் இரவு 11.50

லோடு இறக்க நிற்கிறேன், இப்போதுதான் முழுவதும் படித்தேன்.

எனக்கு சனி, ஞாயிறு என்று தனியாக எதுவும் கிடையாது, ஆனால் ஞாயிறு ராத்திரி ரோட்டில் போகும்போது வித்தியாசம் தெரியும். கரூர் தாண்டித் தெற்கே இறங்கினால் கொடைக்கானல் 100.5 கணீரென்று பிடிக்கும். மலை உச்சியில் டவர், அதனால் எத்தனையோ மாவட்டத்துக்கு விடாமல் கூடவே வரும். மற்ற பண்பலை எல்லாம் ஊர் எல்லை தாண்டினால் இரையும்.

எனக்குப் பிடித்த பேச்சு எது தெரியுங்களா? பாட்டுக் கேட்டுப் போன் பண்ணுகிறவர்கள் பேசுகிற அந்த அரை நிமிடம். "எங்கிருந்து பேசறீங்க?" "ஒட்டன்சத்திரம் பக்கம்ங்க." "என்ன பண்ணிட்டிருக்கீங்க?" "முருங்கைக்காய் கட்டு கட்டிட்டிருக்கோம், காலைல மார்க்கெட்டுக்கு." அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டு விளக்கு எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். நான் முழித்துக்கொண்டிருக்கும்போது இன்னும் நாலு பேர் முழித்திருக்கிறார்கள் என்று ஒரு தெம்பு. பெரிய நிபுணர் பேச்சு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த அரை நிமிடத்தை மூன்று நிமிடம் ஆக்கினாலே போதும். அறிவிப்பாளர் இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும். முருங்கை என்ன விலை போகுது என்று கேட்டால், இன்னொரு ஊரிலிருந்து ஒருவர் பதில் சொல்ல வருவார்.

சில நிலையத்தில் அழைப்பைக்கூட முன்பே பதிவு செய்து ஒட்டிவிடுகிறார்கள். ஓட்டுகிறவனுக்கு அது உடனே தெரியும். சுத்தமாக இருக்கும், இருமல் இருக்காது, "ஹலோ ஹலோ" இருக்காது.

தென்னந்தோப்பு, புதன் காலை 7.05

ஸ்டியரிங் அண்ணா சொன்னது சரி. எங்கள் அப்பாவுக்கு நடந்ததும் இதனால்தான். நேரலையாக இருந்திருந்தால் முதல் அழைப்பிலேயே யாராவது "முகாம் எங்கீங்க?" என்று கேட்டிருப்பார், குட்டு வெளிப்பட்டிருக்கும்.

தறிக்குடோன், புதன் இரவு 9.15

சமுதாய வானொலி பற்றி யாருமே பேசவில்லையே. 2004-ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் நாட்டிலேயே முதல் வளாகச் சமுதாய வானொலி வந்தது. கோவையில் பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரியின் வானொலியும் இருக்கிறது. 100 வாட் சக்தி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் ஜனங்களை வைத்துச் செய்ய வேண்டும் என்று விதி. நாம் கேட்பதும் அதுதானே. பத்துக் கிலோமீட்டர் என்பது ஒரு சந்தை, நாலு குளம், முப்பது ஊர். பவானி ஆற்று உபரித் தண்ணீரைக் குளங்களுக்குக் கொண்டுவருகிற அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், 1,045 குளம் குட்டை கணக்கு. எந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது, எதற்கு வரவில்லை, வாய்க்கால் எங்கே அடைத்துக்கொண்டது என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஊர்க்காரரைப் பேச வைத்தால் இருபது வருடத்துக்கு நிகழ்ச்சி இருக்கிறது.

ஆனால் கல்லூரி நடத்துகிற நிலையம் என்றால் பரீட்சை வந்தாலும் லீவு விட்டாலும் பேச ஆள் கிடைப்பது சிரமம். அதற்கு ஊர்க்காரர்கள் போய் உட்கார வேண்டும். நான் போவேன். ஞாயிறு எங்கள் குடோனுக்கு லீவுதான்.

ஆர்.எஸ்.புரம் வாசி, புதன் இரவு 10.20

இந்தக் குளம் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. எந்தப் பாட்காஸ்டிலும் இதைக் கேட்டதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செய்த நிகழ்ச்சியைத் தேதி போட்டு இணையத்தில் வையுங்கள். நியூஸ் ஆன் ஏர் செயலியில் ஆகாசவாணி நிலையங்கள் நேரலையாக வருகின்றன, துபாயில் இருக்கிற என் அண்ணன் கோவை நிலையத்தை அதில்தான் கேட்கிறான். ஆனால் அந்த நேரத்தைத் தவறவிட்டால் பெரும்பாலும் போனதுதான். மறு ஒலிபரப்பு வேண்டியவர்கள் தேதியைப் பார்த்துத் தாங்களாக எடுத்துக் கேட்டுக்கொள்வார்கள், ஞாயிறு காலை நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

நொய்யல்கரை, வியாழன் இரவு 9.40

எல்லோரும் சொன்னதை வைத்துக் கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். ஞாயிறு காலை ஒன்பது முதல் பத்து வரை ஒரு மணி நேரம், நேரலை, நம் மாவட்டம் தெரிந்த ஒருவர், எடுக்கிற போன் ஒன்று. இதற்கு மேல் எதுவும் கேட்கப்போவதில்லை. பழைய மைக் அக்கா, எப்படி எழுதினால் படிப்பார்கள்?

பழைய மைக், வியாழன் இரவு 10.10

தபால் அட்டையில் எழுதுங்கள். 50 காசுதான், மின்னஞ்சலைவிட அதற்கு மரியாதை அதிகம், மேசையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிடக்கும். தரம் சரியில்லை என்று பொதுவாக எழுதினால் ஒரு பயனும் இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த நிகழ்ச்சியில், என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும். தென்னந்தோப்பு தம்பி, அந்த வெள்ளிக்கிழமை முகாம் விஷயத்தை நீங்கள் கட்டாயம் எழுதுங்கள். நல்ல நிகழ்ச்சி ஒன்றையும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். ஞாயிறு டியூட்டியில் தனியாக இருக்கிற பிள்ளைக்கு அந்த அட்டை ஒரு மாதத்துக்குத் தாங்கும். எனக்கு வந்த பதினோரு அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது.

தென்னந்தோப்பு, வெள்ளி காலை 6.50

எழுதிப் போட்டுவிட்டேன் அக்கா. அப்பாவையே சொல்லச் சொல்லி எழுதினேன். தேதி அவர் நோட்டில் இருந்தது.

சிவகிரி மருமகள், ஞாயிறு பகல் 12.15

இன்றைக்கு நடந்ததைச் சொல்ல வந்தேன். காலையில் அத்தை ரேடியோவைத் திருப்பியபோது பாட்டுக்கு நேயர்கள் அழைக்கிற நிகழ்ச்சி. நேரலைதான், அந்தப் பொண்ணு நேரம் சொன்னதும் சுவர்க் கடிகாரமும் ஒன்றாக இருந்தது. காங்கயத்திலிருந்து ஒருவர் பேசினார், தேங்காய்ப் பருப்புக் களத்தில் வேலை. பாட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, "அம்மணி, இங்க தூறல் போடுது, பருப்பு அள்ளணும், நீங்க பாட்டப் போடுங்க, நான் வெச்சர்றேன்" என்றார். அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. "போங்கண்ணா, முதல்ல அள்ளுங்க. காங்கயம் பக்கத்துல களத்துல எதாவது காயப் போட்டிருக்கறவங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போட்டது.

அத்தை கட்டிலிலிருந்து எழுந்து, "எள்ளு காயுதல்ல, அள்ளு கண்ணு" என்றார். நானும் அவர் மகனும் தார்பாயோடு ஓடினோம்.